குறை குடித்த கார்புரேட்டர்

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சுக்குப் போவார்கள், கறிக்கடைக்குப் போகிறவர்கள் தூக்குப்போசியோடு வரிசையில் நிற்பார்கள், இந்த மூன்றுக்கும் போகாமல் பழைய கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் மட்டும் ஆளுக்கொரு கார்புரேட்டரை மஞ்சள் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, கனகசபாபதியின் பம்புசெட்டு வார்க்கிற பவுண்டரிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போவார்கள். கோயமுத்தூரில் காசுள்ளவர்களுக்கு என்ன நோய் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த வருடங்களில் இவர்களுக்கு வந்தது இந்த நோய்.

கார்புரேட்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் இருப்பீர்கள், சொல்லிவிடுகிறேன். காற்றை உள்ளே இழுத்து, அதில் பெட்ரோலைத் தூவிக் கலந்து, இன்ஜினுக்கு ஊட்டிவிடுகிற உள்ளங்கை அகலப் பாத்திரம் அது. புதிய கார்களில் அது கிடையாது, ஆகவே புதிய கார்க்காரர்களுக்கு இந்தக் கதையில் வேலையும் கிடையாது. கொட்டகையின் நடுவில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் காற்றை உறிஞ்சுகிற மோட்டார், பெட்டியின் தலையில் கார்புரேட்டரை உட்கார வைக்க ஓர் ஓட்டை, பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய். மோட்டாரைப் போட்டால் கார்புரேட்டர் காற்றைக் குடிக்கும், எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவுக்குக் குழாயில் தண்ணீர் ஏறும், யாருடைய தண்ணீர் அதிக உயரம் ஏறுகிறதோ அவருக்கு அந்த வாரம் மாலை, மரியாதை, முதல் காபி.

காற்றை அதிகம் குடிக்கிற கார்புரேட்டர் காரை நன்றாக ஓட்டுமா என்று யாராவது கேட்டால் அவருக்கு அடுத்த வாரம் அழைப்பு வராது. இவர்களுடைய பழைய கார் சங்கத்தின் தலைவர் கனகசபாபதி தன்னுடைய ஐம்பத்தெட்டாம் வருடத்துக் கறுப்பு ஃபியட்டுக்கு வெளிநாட்டிலிருந்து இரட்டை வாய் கார்புரேட்டர் ஒன்றைத் தருவித்திருந்தார், லாரிக்கே போதும் அந்த வாய், அது பெட்டிமேல் உட்கார்ந்தால் தண்ணீர் குழாயைத் தாண்டி அவர் வேட்டியிலேயே தெறிக்கும், அத்தனை கைதட்டல். ரோட்டுக்கு வந்தால் அந்தச் சின்ன இன்ஜினால் அந்தப் பெரிய வாயை நிரப்ப முடியாமல் வண்டி சிக்னலுக்குச் சிக்னல் இருமி இருமி நிற்கும், பின்னால் வருகிற டவுன் பஸ்காரன் இறங்கி வந்து அவருடைய தாயாரை விசாரிப்பான். அதையெல்லாம் யாரும் அளக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் செயலாளர், பல் டாக்டர் வரதராஜுலு, ஒரு யோசனை சொன்னார். "ஏனுங்க தலைவரே, நல்லது நல்லதுன்னு நல்லதையே வெச்சு அளந்தா நம்ம பவுசு யாருக்குத் தெரியும்? மோசமானது ஒண்ணு வேணுமுங்க. தெருவுல ஓடற வண்டி ஒண்ணோடத எடுத்து மாட்டிக் காட்டோணும்." எல்லோருக்கும் பிடித்துப்போனது. சங்கத்துக்கு மெக்கானிக் வேலை பார்க்கிற ஸ்டீபனின் ஷெட்டில் போத்தனூர் மாராத்தாளின் ஃபியட் ஆயில் மாற்ற வந்து நின்றுகொண்டிருந்தது. மாராத்தாள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் அண்டாக்களை அடுக்கி, விடிவதற்குள் ஹாஸ்டல், மெஸ், டிபன் கடை என்று தானே ஓட்டிக்கொண்டுபோய் மாவு ஊற்றிவிட்டு வருகிறவள், அந்த வண்டி நின்றால் அவள் வீட்டில் அடுப்பு நிற்கும். ஸ்டீபன் அவளைக் கேட்கவில்லை. சாயந்திரத்துக்குள் திரும்ப மாட்டிவிடலாம் என்று நினைத்துக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

அதைப் பெட்டிமேல் வைத்தார்கள். மாவு படிந்த சின்ன வாயைப் பார்த்துச் சிரித்தார்கள். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் விரற்கடை ஏறியது, இன்னும் சிரித்தார்கள். மோட்டாரை நிறுத்தினார்கள். தண்ணீர் இறங்கவில்லை. பிளக்கையே பிடுங்கினார்கள், அப்போதும் இறங்கவில்லை, கார்புரேட்டர் தன்பாட்டுக்குக் காற்றைக் குடித்துக்கொண்டே இருந்தது. அப்போது வரதராஜுலு வழக்கம்போல, "என்ற அம்பாஸடரு லிட்டருக்குப் பதினெட்டு" என்று ஆரம்பித்தார், வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை, அந்த வார்த்தைகள் புகை திரும்புவதுபோல் திரும்பி அந்தச் சின்ன வாய்க்குள் போயின, தண்ணீர் ஒரு சாண் ஏறியது. அன்றிலிருந்து அவரால் அந்த வாக்கியத்தை எங்கேயும் சொல்ல முடியவில்லை. முப்பது வருடமாக அதைக் கேட்டு வந்த அவருடைய மனைவி, மருதமலைக்குப் போய்ப் பாற்குடம் எடுத்துவிட்டு வந்தார்.

ஊர் இதற்கெல்லாம் அசந்துவிடவில்லை. சிறுவாணித் தண்ணீர் குடித்து, மில் சங்கு கேட்டு வளர்ந்த ஊர், எந்த அதிசயம் வந்தாலும் இதனால் நமக்கு என்ன ஆகும் என்றுதான் முதலில் பார்க்கும். இரண்டு வாரத்துக்குள் கார்புரேட்டரின் குணம் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. வெயில் அடிக்கிறது, மழை வரும்போல இருக்கிறது, காபி ஆறுகிறது என்கிற பொதுப்பேச்சை அது தொடாது. தனக்கு இருக்கிறது என்று பீற்றுகிற பேச்சையும், தனக்கு வேண்டும் என்று கேட்கிற பேச்சையும் மட்டும்தான் குடிக்கும், குடித்த பேச்சு சொன்னவர் வாய்க்குத் திரும்பாது. மருமகள்கள் மாமியார்களைப் புதுக்கார் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அமெரிக்காவில் இருக்கிற மகனைப் பற்றியே பேசுகிற ஒருவரை அவர் குடியிருக்கிற அபார்ட்மெண்ட்காரர்கள் சந்தா போட்டு ஆட்டோ வைத்து அழைத்து வந்தார்கள், அந்த மனிதர் திரும்பிப் போகும்போது முதன்முதலாக லிஃப்ட்காரனைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். ஒரு ஜவுளிக்கடைக்காரர் தீபாவளி முடிகிற வரைக்கும் வாடகைக்குக் கேட்டார், சேலையைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களை அதன் முன்னால் உட்கார வைக்கலாம் என்பது அவருடைய திட்டம்.

கனகசபாபதி யாருக்கும் கொடுக்கவில்லை. அவர் அதைத் தன் கறுப்பு ஃபியட்டில் மாட்டிப் பார்த்தார். டாங்க் காலியாக இருந்தது, பெட்ரோல் வாங்கப் போன பையன் வரவில்லை, தலைவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தன் பவுண்டரியைப் பற்றி யாரிடமோ பீற்றிக்கொண்டிருந்தார், வண்டி தானாக உறுமிக் கிளம்பிவிட்டது. அதன்பிறகு கேட்க வேண்டுமா? காற்றை அளந்த கைகள் பேச்சை அளக்கத் தொடங்கின. எந்தப் பேச்சுக்கு எவ்வளவு தூரம், எந்தப் பேச்சுக்கு எவ்வளவு இழுவை என்று அவினாசி ரோட்டில் ஓட்டி ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பீற்றலுக்கு வண்டி உதறிக்கொண்டு கிளம்பி கரும்புகை கக்கியது, ஸ்பார்க் பிளக்கெல்லாம் கரி. கல்யாணச் சீர் போதவில்லை என்று பேசுகிற பேச்சுக்கு வேகம் வந்தது, இன்ஜின் சூடேறி தண்ணீர் கொதித்தது. உண்மையிலேயே இல்லாதவர் உண்மையிலேயே வேண்டியதைக் கேட்டால் மட்டும் வண்டி புகையே இல்லாமல், சத்தமே இல்லாமல், மேட்டிலும் டாப் கியரிலேயே வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் பேச்சுக்கு யாரிடம் போவது என்று சங்கம் கூடி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மாராத்தாள் கொட்டகைக்குள் வந்தாள்.

"ஏனுங்க, என்ற வண்டிச் சாமானு இங்க இருக்குதாமா. குடுத்துருங்க, மாவு ஊத்தப் போவோணும்" என்று சொன்னாள். சொன்னதாக அவள் நினைத்தாள். ஒரு வார்த்தையும் வெளியே கேட்கவில்லை, கறுப்பு ஃபியட் மட்டும் பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு கிளம்பியது, தலைவர் உள்ளே தாவி ஏறி சூலூர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். இறங்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. "என்னா இழுவைங்க, என்னா இழுவை!" என்று வரதராஜுலுவைக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மாராத்தாளுக்கு அங்கே நடந்த மரியாதை இருக்கிறதே, சொந்தச் சம்பந்தி வீட்டிலும் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால் பிரம்பு நாற்காலி, பித்தளை டம்ளரில் காபி, "உக்காரு அம்மிணி, மெதுவா சொல்லு, உனக்கு என்ன வேணும்?" என்று தலைவரே எதிரில் குனிந்து கேட்பார், பானெட் திறந்திருக்கும். போன வாரம் கேட்டது வாயிலிருந்து போய்விட்டதால் அவள் வேறுவிதமாகக் கேட்பாள். அண்டாவெல்லாம் கவிழ்ந்து கிடக்கிறது என்றாள், அதுவும் போனது. ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படி ஆகவில்லை என்றாள், போனது. ரெண்டு ஹாஸ்டல்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள், மிச்சம் இருக்கிற மெஸ்களையாவது காப்பாற்ற வேண்டும் என்றாள், அது ஊட்டி வரைக்கும் போய் வரப் போதுமானதாக இருந்தது. தன்னை உட்கார வைத்துக் கேட்கிறார்களே என்று அவளுக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் தன் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தால் வாய் வெறுமனே திறந்து மூடியது. தன் துக்கத்தைத் தன்னாலேயே சொல்ல முடியாமல் போவதைவிடக் கேவலம் ஒரு மனுஷிக்கு வேறு என்ன இருக்கிறது?

ஸ்டீபனிடம் போய்க் கைச்சாடையால் கேட்டாள். அவன் காதைச் சொறிந்துகொண்டு, "அக்கா, பெரிய எடத்து விசயம், நான் என்ன பண்ணட்டும்? மூணு நட்டுதான், கழட்டறது நிமிசம். தலைவரு விடோணுமில்ல?" என்றான்.

தலைவர் விடுகிற நிலையில் இல்லை. அவர் தன் பவுண்டரியில் மாதத்துக்கு ஒருநாள் குறை கேட்கும் நாள் என்று அறிவித்திருந்தார். வாசலில் கறுப்பு ஃபியட் நிற்கும், பானெட் திறந்திருக்கும், தொழிலாளர்கள் ஒவ்வொருவராக வந்து அதன் முன்னால் நின்று, கையுறை இல்லை, உருக்குச் சூடு தாங்க முடியவில்லை, விரல் போனவனுக்கு வேலை கொடுங்கள் என்று வாயசைத்துவிட்டுப் போவார்கள், திரும்பிப் போகும்போது ஒருவரிடமும் ஒரு குறையும் இருக்காது. குறையே இல்லாத ஆலை என்று பத்திரிகையில் போட்டோ வந்தது. மற்ற முதலாளிகள் பழக்கூடையோடு வந்து ஒருநாளைக்கு இரவல் கேட்டார்கள். ஓர் அலுவலகத்திலிருந்தும் ஆள் வந்தது, எந்த அலுவலகம் என்று சொன்னால் எனக்கு வம்பு. காற்றில் அடிபடுகிற குப்பைப் பேப்பரைப் போலக் கோடிக்கணக்கான மனுக்கள் கிடக்கிற தேசத்தில் இத்தனை சுத்தமான மைலேஜ் இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லையே என்று எல்லோரும் வியந்தார்கள். ஊரில் கேட்டவர்கள் வாயெல்லாம் காலியாகிக்கொண்டே வந்தது, பெரிய மனிதர்கள் வாரக் கடைசியில் குன்னூர் போய் வந்தார்கள்.

மார்கழியில் சங்கத்தின் ஆண்டு ஓட்டம் வந்தது. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி மலைப்பாதையில் கோத்தகிரிக்கு ஏற வேண்டும், முதலில் போய்ச் சேருகிற காருக்குச் சுழற்கோப்பை. கனகசபாபதி தன் தொழிலாளர்களை நம்பியிருந்தார், ஆனால் போன மாதமே அவர்களிடம் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துத் தீர்த்தாகிவிட்டது, அன்றைக்கு வாசலில் வந்து நின்றவர்கள் எல்லாம் "வெயில் சாஸ்திங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் காரை நேராகப் போத்தனூருக்கு விட்டார். லாரிக்காரன் ஒரு கேன் டீசல் எடுத்து வைப்பதுபோல மாராத்தாளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். "மேல கோத்தகிரி போய்ச் சேந்ததும் உன்ற சாமானக் கழட்டிக் கையில குடுத்துடறேன் அம்மிணி, சத்தியமா" என்றார். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஏறி உட்கார்ந்தாள்.

அடிவாரம் தாண்டுகிறவரை அவளிடம் மிச்சம் இருந்தது. விட்டுப்போன கடைகளின் பேரைச் சொன்னாள், மாவாட்டும் கிரைண்டரை விற்றுவிட்ட கதையைச் சொன்னாள், மகளுடைய வளைகாப்புக்கு வெறுங்கையோடு போய் நின்றதைச் சொன்னாள், ஒவ்வொன்றும் அவள் வாயிலிருந்து போகப்போக வண்டி ஒவ்வொரு வளைவாக ஏறியது, வரதராஜுலுவின் அம்பாஸடர் கீழே எங்கேயோ முனகிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டது.

"பேசு அம்மிணி" என்றார் தலைவர்.

அவள் வாயைத் திறந்து காட்டினாள், டாக்டரிடம் காட்டுவதுபோல. "தீந்து போச்சுங்க" என்றாள். உண்மையாகவே தீர்ந்துபோயிருந்தது. கேட்பதற்கு அவளிடம் எதுவுமே இல்லை, நெஞ்சு துடைத்துவிட்ட அண்டாவைப் போல இருந்தது, கோபத்தைக்கூடத் தேடிப் பார்த்தாள், அதையும் போன வாரமே எரித்துவிட்டிருந்தார்கள்.

வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தாக வேண்டும். தள்ளுகிறபோது ஸ்டீயரிங்கில் யாராவது உட்கார வேண்டும், பொம்பளையைத் தள்ளவிட்டு ஆம்பளை உட்கார்ந்திருந்தால் பின்னால் வருகிறவர்கள் சிரிப்பார்கள், அதுவும் சங்கத்தின் தலைவர். ஆகவே அவர் மாராத்தாளை முன்சீட்டுக்கு மாற்றிவிட்டு, தானே இறங்கி, பானெட்டைத் திறந்து கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டு, கதவுப்பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளினார். வண்டி அசையவில்லை. அப்போது அம்பாஸடர் வந்தது. வரதராஜுலு ஹாரன் அடித்து, கையை ஆட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே கடந்து போனார். பின்னாலேயே மற்ற கார்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

கனகசபாபதிக்கு அறுபத்திரண்டு வயது. அந்த அறுபத்திரண்டு வருடத்தில் அவர் கேட்டு எதுவும் கிடைக்காமல் போனதில்லை, அதனால் அவர் எதையும் உண்மையாகக் கேட்டதே இல்லை. இப்போது நடுரோட்டில் நின்று நெஞ்சு வெடிக்கக் கத்தினார். அய்யோ என்ற மானம் போகுதே, என்ற கோப்பை போகுதே, எனக்கு இந்த ஒருதடவ குடுத்துரு சாமி என்று கத்தினார், ஒரு சத்தமும் வெளியே வரவில்லை, வண்டி சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது.

மாராத்தாள் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து வண்டியைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினாள், அந்த உலுக்கலில் பானெட் தானாக விழுந்து மூடிக்கொண்டது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி, எப்படியோ உள்ளே விழுந்தார். இறக்கத்தில் வண்டிக்கு எதுவும் தேவைப்படவில்லை. மேட்டுப்பாளையம் வந்து சமதரையில் வேகம் குறைந்தபோது, "நிறுத்து அம்மிணி!" என்றார், வெறும் கட்டளை என்பதால் அது வெளியே கேட்டது. அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பாக்குத்தோப்பு தாண்டுவதற்குள் வண்டி நின்றிருக்கும். அவருக்கு அது வராது. இது என்ற காரு என்றார், காரமடை போய்விட்டது. நான் யாருன்னு நெனச்சே என்றார், பெரியநாயக்கன்பாளையம். உன்னய உள்ள தள்ளாம உடமாட்டேன், எனக்கு ஆளு இருக்குது என்றார், துடியலூரும் கவுண்டம்பாளையமும் ஒரே மூச்சில் போயின. கண்ணாடியை இறக்கிவிட்டுத் தெருவில் போகிறவர்களைப் பார்த்து, என்னயக் காப்பாத்துங்க என்று கை கூப்பினார், ஊரறிந்த பெரிய மனிதர் பழைய காரில் கும்பிட்டுக்கொண்டே போகிறார், எலெக்சனில் நிற்கிறார்போல என்று ஜனங்களும் திருப்பிக் கும்பிட்டார்கள். உக்கடம் பாலத்தில் அவர் அழுதார். அழுதுகொண்டே கேட்டதுதான் எல்லாவற்றிலும் நல்ல பெட்ரோலாக இருந்தது, வண்டி போத்தனூர் வரைக்கும் ஒரு தும்மல் போடவில்லை.

மாராத்தாள் தன் வீட்டு முன்னால் நிறுத்திச் சாவியைத் திருகி எடுத்தாள். ஸ்டீபன் ஷெட்டிலிருந்து என்றைக்கோ தள்ளிக்கொண்டு வந்து வாசலில் போட்டிருந்த தன்னுடைய சாம்பல்நிற ஃபியட்டின் டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தாள். தெருவே கூடிவிட்டது, பீட் போலீஸ்காரரும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"என்னங்கய்யா பிரச்சனை? புகார் இருந்தாச் சொல்லுங்க" என்று அவர் கனகசபாபதியைக் கேட்டார்.

கனகசபாபதி நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தார். கார் அவருடையது என்பது வரவில்லை, அவர் யார் என்பது வரவில்லை, அவருக்கு என்ன வேண்டும் என்பதும் வரவில்லை. தொண்டை நரம்பு புடைக்க மறுபடி மறுபடி முயன்றார்.

"இன்னிக்கு வெயில் சாஸ்திங்க" என்றார்.

"ஆமாங்க" என்றார் போலீஸ்காரர் மரியாதையாக. வேறு ஒன்றும் வராததால் மாராத்தாள் பக்கம் திரும்பினார். அவள் மூன்று நட்டையும் கழற்றி, மாவுக்கறை போகாத அந்தச் சின்னக் கார்புரேட்டரை அசைத்து எடுத்து, முந்தானையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஏதாவது குறை இருக்குதாம்மா? என்னமாச்சும் கேக்கோணுமா?"

அவள் வாய்க்குள் ஒருமுறை நன்றாகத் தேடிப் பார்த்தாள்.

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள். "எடுத்துக்கிட்டேன்."